விலங்கின் உறுப்பை மனிதருக்குப் பொருத்துதல்: நோயாளியின் கையொப்பம் மட்டும் போதுமா?

கார்முகில் எழுதியது:

2022 ஜனவரி 7 அன்று அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழக மருத்துவமனையில் பார்ட்லி கிரிஃபித் தலைமையிலான குழுவினர், 10 மரபணுத் திருத்தங்கள் செய்யப்பட்ட பன்றியின் இதயத்தை 57 வயது நோயாளி ஒருவருக்குப் பொருத்தினார்கள். அவர் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் உயிரோடிருந்தார். 2024 மார்ச்சில் பாஸ்டன் நகரின் மருத்துவமனை ஒன்றில் 69 திருத்தங்கள் செய்யப்பட்ட பன்றிச் சிறுநீரகம் உயிருள்ள நோயாளிக்கு முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. அதே மருத்துவமனையில் 2025 ஜனவரியில் இன்னொருவருக்குப் பொருத்தப்பட்ட சிறுநீரகம் 271 நாள்கள் இயங்கி, பிறகு செயல்திறன் குறைந்ததால் அகற்றப்பட்டது. அந்த ஆண்டிலேயே அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் முறையான மருத்துவ ஆய்வுகளுக்கும் அனுமதி வழங்கிவிட்டது. ஆகவே இது முடியுமா என்று கேட்கும் காலம் கடந்துவிட்டது. எந்த நிபந்தனைகளின்பேரில் செய்யலாம் என்பதே இனி நம் முன்னுள்ள கேள்வி.

வழக்கமான அறுவை சிகிச்சையில் ஆபத்து நோயாளிக்கு, முடிவும் அவருடையது. மருத்துவ நெறிமுறையில் நாம் கட்டியெழுப்பியிருக்கும் ஒப்புதல் முறை முழுவதும் இந்த எளிய பொருத்தத்தின்மீதுதான் நிற்கிறது. விலங்கின் உறுப்போ, இதுவரை மனித உடலைக் கண்டிராத ஒரு வைரஸையும் உடன்கொண்டு வரக்கூடும். அது மனித உடலுக்குப் பழகி அடுத்தவருக்குப் பரவுமானால், அந்த ஆபத்தைச் சுமப்பவர்கள் நோயாளியின் வாழ்க்கைத்துணையும், அவருக்கு ஊசி போடும் செவிலியரும், பெயர் தெரியாத பிறரும்தான். அவர்களில் யாரும் எந்தப் படிவத்திலும் கையொப்பம் இட்டிருக்க மாட்டார்கள். ஒருவர் தம் உயிரைக் காத்துக்கொள்ளப் பிறர் சார்பில் ஆபத்தை ஏற்க முடியுமா? இதைப் பற்றி உறுப்பினர்கள் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

---

தேன்மொழி எழுதியது:

கேள்வி நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது எந்த இடத்தில் அமர்ந்து கேட்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நான் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவள். ஒவ்வொரு முறையும் இடது முன்கையின் ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்து அமைத்த இடத்தில்) இரண்டு தடித்த ஊசிகளை ஏற்றுவார்கள். நான்கு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது. உடம்பிலிருந்து நீர் சற்று அதிகமாக எடுக்கப்பட்டுவிட்டால் கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அன்று முழுவதும் எழுந்து நிற்கத் தெம்பு இருக்காது. சிறுநீர் அறவே பிரியாததால் தண்ணீரை அளந்துதான் குடிக்கிறேன். தாகம் தாங்காதபோது ஒரு பனிக்கட்டித் துண்டை நாக்கின்கீழ் வைத்துக்கொண்டு, அது முழுவதும் கரையும்வரை அடுத்ததை எடுப்பதில்லை.

என் தம்பி சிறுநீரகம் தர முன்வந்தான். கர்ப்ப காலத்திலும், பின்னர் இரத்தம் ஏற்றிக்கொண்டபோதும் என் உடலில் உருவான எதிர்ப்பொருள்கள் (அந்நியத் திசுவைத் தாக்கும் புரதங்கள்) காரணமாக, இருவருக்கும் பொருந்துமா என்று பார்க்கும் கிராஸ்மேட்ச் பரிசோதனையில் அவனுடைய சிறுநீரகம் பொருந்தாது என்று தெரிந்தது. பெரும்பாலான மனிதச் சிறுநீரகங்களும் எனக்குப் பொருந்தாது என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள். 2024 நவம்பரில் நியூயார்க்கில் பன்றிச் சிறுநீரகம் பெற்ற பெண்ணும் இதே நிலையில் இருந்தவர்தான். பல ஆண்டுகளுக்கு முன் தம் தாய்க்கு ஒரு சிறுநீரகத்தைத் தானமாகக் கொடுத்தவர் அவர். அவருடைய செய்தியை நான் எத்தனை கவனத்தோடு படித்திருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை. அந்தச் சிறுநீரகம் 130 நாள்கள் வேலை செய்தது. 130 நாள்கள் என்பது உங்களுக்குத் தோல்வியாகத் தெரியலாம். எனக்கு அவை ஊசி குத்தாத, தாகத்துக்குத் தண்ணீர் குடித்த 130 நாள்கள்.

---

வெற்றிவேல் எழுதியது:

நான் வைரஸ் நோய்களைக் கண்டறியும் ஆய்வகத்தில் பணியாற்றுகிறேன். ஆபத்து என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு செய்திகள் கலந்து பேசப்படுவதால், அவற்றைப் பிரித்துச் சொல்கிறேன்.

முதலாவது, பன்றியின் மரபணுத்தொகுதியிலேயே எழுதப்பட்டுக் கிடக்கும் ரெட்ரோவைரஸ்கள், அதாவது உயிரணுவின் மரபணுவுக்குள் தம்மைச் சேர்த்துக்கொள்ளும் வகை வைரஸ்கள். இவற்றைப் பன்றியைச் சுத்தமாக வளர்ப்பதன்மூலம் நீக்க முடியாது; ஒவ்வொரு உயிரணுவிலும் அவை இருக்கின்றன. இவை ஆய்வகத்தில் மனித உயிரணுக்களைத் தொற்றக்கூடியவை என்று 1997இல் லண்டனில் ராபின் வைஸ் குழுவினர் காட்டியபோதுதான் இத்துறையே ஏறத்தாழ நின்றுபோயிற்று. பிறகு 1999இல், பன்றியின் உயிருள்ள திசுக்களோடு ஏதோ ஒரு வகையில் சிகிச்சை பெற்றிருந்த 160 பேரை ஆராய்ந்தபோது ஒருவரிடமும் அந்தத் தொற்று காணப்படவில்லை. 2017இல் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையால் இவ்வைரஸ்கள் செயலிழக்கச் செய்யப்பட்ட பன்றிக்குட்டிகள் பிறந்தன. பாஸ்டன் சிறுநீரகத்தின் 69 திருத்தங்களில் 59 இதற்கானவையே. ஆனால் மேரிலாந்து இதயத்தின் 10 திருத்தங்களில் இது சேரவில்லை. இதைச் செய்தே ஆக வேண்டுமா என்பதில் இத்துறையினரிடையே இன்றும் ஒத்த கருத்து கிடையாது.

இரண்டாவது, நமக்கு ஏற்கெனவே பெயர் தெரிந்த தொற்றுகள். மேரிலாந்து நோயாளியின் வரலாறு இங்கேதான் பாடமாகிறது. பன்றியின் மூக்கிலிருந்து எடுக்கப்பட்ட மாதிரியில் வைரஸ் இல்லை என்றே முடிவு வந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் மூன்றாவது வாரத்தில் நோயாளியின் இரத்தத்தில் பன்றிச் சைட்டோமெகலோ வைரஸின் தடயம் தென்பட்டது. அது திசுக்களுக்குள் உறங்கிக்கிடந்திருக்கிறது. மூக்குச் சளியில் தேடினால் கிடைக்காது, எதிர்ப்பொருளைத் தேடியிருக்க வேண்டும். இந்த வைரஸ் உள்ள பன்றி இதயத்தைப் பெற்ற பபூன் குரங்குகள், அது இல்லாத இதயத்தைப் பெற்றவற்றைவிட மிகக் குறுகிய காலமே வாழ்ந்தன என்று ஜெர்மனியின் மியூனிக் குழுவினர் முன்னரே கண்டிருந்தார்கள். அந்த நோயாளியின் இறப்புக்கு அது ஒன்றே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. சிகிச்சைக்காக ஏற்றப்பட்ட எதிர்ப்பொருள் மருந்தும் இதயத்தைத் தாக்கியிருக்கலாம் என்று அக்குழுவினரே எழுதியிருக்கிறார்கள். எனினும், உலகத்திலேயே மிக அதிகமாகச் சோதிக்கப்பட்டிருக்க வேண்டிய ஒரு விலங்கிலிருந்து, அறியப்பட்ட ஒரு வைரஸ் தப்பி வந்தது என்பது உண்மை.

மூன்றாவது, இன்னும் பெயரிடப்படாதவை. எச்.ஐ.வி. சிம்பன்சியிடமிருந்து மனிதருக்கு வந்தபோது அதைத் தேடுவதற்கான பரிசோதனை எதுவும் உலகில் இல்லை. அது கண்டறியப்படும் முன்பே பல்லாண்டுகள் ஓசையின்றிப் பரவியிருந்தது. மனிதருக்கு நெருங்கிய உறவுடைய குரங்கினங்களைத் தவிர்த்துப் பன்றியைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்த அச்சமும் ஒரு காரணம். கார்முகில் எழுப்பிய கேள்வி இந்த மூன்றாம் வகையைப் பற்றியது. அதற்கான நிகழ்தகவை யாரேனும் ஓர் எண்ணாகச் சொன்னால் நம்பாதீர்கள். அது மிகச் சிறியது என்று கருத நல்ல காரணங்கள் உண்டு, சுழியம் என்று கருத எந்தக் காரணமும் இல்லை.

---

குமரவேள் எழுதியது:

உலகில் ஆண்டுதோறும் நூறு கோடிக்கும் மேற்பட்ட பன்றிகள் இறைச்சிக்காகக் கொல்லப்படுகின்றன. பண்ணையிலும் இறைச்சிக்கூடத்திலும் பணிபுரிவோர் நாள்தோறும் அவற்றின் இரத்தத்தைத் தொடுகிறார்கள். 2009இல் பரவிய எச்1என்1 காய்ச்சலின் வைரஸ் பன்றிகளிடமிருந்துதான் வந்தது. இவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்ட சமூகம், தேன்மொழி அவர்களைப் போன்ற ஒருவருக்கு ஓர் உறுப்பு கிடைக்கும்போது மட்டும் ஆபத்தைப் பற்றி இவ்வளவு பேசுவது முறையாகப் படவில்லை. பன்றியின் இதய வால்வுகள் 1960களிலிருந்தே மனிதருக்குப் பொருத்தப்படுகின்றன. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து பன்றியின் குடலிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. தேன்மொழி அவர்களுக்கு டயாலிசிஸ் நேரத்தில் செலுத்தப்படுவதும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.

---

வெற்றிவேல் எழுதியது:

குமரவேள் அவர்களே, வால்வையும் ஹெப்பாரினையும் இதோடு சேர்க்க இயலாது. வால்வு குளூட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருளில் பதப்படுத்தப்பட்ட இறந்த திசு. ஹெப்பாரின் தூய்மைப்படுத்தப்பட்ட மருந்து. இரண்டிலும் வைரஸ் பெருகுவதற்கு உயிரணு இல்லை. இறைச்சிக்கூடத் தொழிலாளிக்குத் தோல் என்ற தடையும், முழு வலிமையுள்ள எதிர்ப்பாற்றலும் இருக்கின்றன. உறுப்பு பெற்றவருக்கோ உயிருள்ள திசு இரத்த ஓட்டத்திலேயே அமர்ந்திருக்க, எதிர்ப்பாற்றலோ மருந்துகளால் அடக்கப்பட்டிருக்கிறது. போதாக்குறைக்கு, உறுப்பு உடனே அழியாமல் இருக்கச் சில மனித மரபணுக்களையும் பன்றிக்குள் சேர்த்திருக்கிறோம். ஒரு வைரஸ் புதிய உடலுக்குப் பழகுவதற்கு இதைவிட வசதியான சூழலை இயற்கை அமைத்துத் தருவது அரிது. அதனாலேயே கண்காணிப்பு வேண்டும் என்கிறேன்; தடை வேண்டும் என்று சொல்லவில்லை.

---

அன்பரசி எழுதியது:

அந்தக் கண்காணிப்பு என்பது நடைமுறையில் என்ன என்று பார்ப்போம். நெறிமுறைக் குழு ஒன்றில் பணியாற்றும் எனக்கு இத்துறையில் மிகக் கடினமாகத் தோன்றுவது இதுதான். 2001இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, விலங்கு உறுப்பு பெற்றவர் வாழ்நாள் முழுவதும் கண்காணிப்பில் இருக்க வேண்டும்; இரத்ததானம் செய்யக் கூடாது; நெருங்கிய தொடர்பில் உள்ளவர்களுக்குத் தொற்று அபாயத்தை எடுத்துச் சொல்ல வேண்டும்; அவருடைய உடல் மாதிரிகளும் பன்றியின் மாதிரிகளும் 50 ஆண்டுகள் பாதுகாக்கப்பட வேண்டும். ஆனால் 1964இல் ஹெல்சிங்கியில் உலக மருத்துவச் சங்கம் வகுத்த நெறியின்படி, ஆய்வில் பங்கேற்கும் எவரும் எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம்.

இந்த இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பின் ஐந்தாவது ஆண்டில் ஒருவர், எனக்கு இனி இரத்தப் பரிசோதனை வேண்டாம், நான் வேறு நாட்டுக்குக் குடிபெயர்கிறேன் என்றால் என்ன செய்வது? அவரைக் கட்டாயப்படுத்தினால் மருத்துவ ஆய்வின் அடிப்படை உரிமையை உடைக்கிறோம். விட்டுவிட்டால் பிறரைப் பாதுகாப்பதற்கு நாம் சொன்ன ஒரே வழியைக் கைவிடுகிறோம். என் கருத்தைத் தெளிவாகவே சொல்கிறேன்: விலகும் உரிமை இங்கே முழுமையாக இருக்க முடியாது. அதை மறைத்து, வழக்கமான படிவத்தையே நோயாளியிடம் நீட்டுவது நேர்மையற்ற செயல். இது ஆய்வில் சேரும் ஒப்புதல் மட்டுமன்று, வாழ்நாள் கடமை ஒன்றை ஏற்கும் உடன்படிக்கை என்பதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும்.

முன்னோடிகளின் வரலாறு இவ்விஷயத்தில் பெருமைப்படத்தக்கதாக இல்லை. 1984இல் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டாவில் லியோனார்ட் பெய்லி, பிறந்து சில நாள்களே ஆன பெண் குழந்தைக்குப் பபூனின் இதயத்தைப் பொருத்தினார். குழந்தையின் இரத்த வகை ஓ, பபூனுடையது ஏபி. ஏறத்தாழ மூன்று வாரங்களில் குழந்தை இறந்தது. மனித இதயம் தேடப்பட்டதா, வேறு அறுவை சிகிச்சை பற்றிப் பெற்றோருக்கு முழுமையாகச் சொல்லப்பட்டதா என்ற கேள்விகள் பின்னர் எழுந்தன. 1997இல் அசாமில் மருத்துவர் தனிராம் பரூவா, 32 வயது நோயாளிக்குப் பன்றியின் இதயத்தையும் நுரையீரலையும் பொருத்தினார். ஒரு வாரத்தில் நோயாளி இறந்தார். 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின்கீழ் மருத்துவர் கைது செய்யப்பட்டு 40 நாள்கள் சிறையில் இருந்தார். பிற்காலத்தில் மேரிலாந்தில் இதயம் பொருத்தப்பட்டபோது, பரூவா காலத்தை முந்திய மேதை என்று சிலர் எழுதினார்கள். அதை நான் ஏற்கவில்லை. சுதந்திரமான ஒரு குழு முன்கூட்டியே ஆராய்ந்து கேள்வி கேட்காத இடத்தில், மருத்துவரின் துணிச்சலுக்கான விலையை நோயாளியே கொடுக்கிறார்.

---

பரிதி எழுதியது:

கால்நடை மருத்துவன் என்ற முறையில், இந்த இழையில் இதுவரை பேசப்படாத தரப்பைப் பற்றி எழுதுகிறேன். இறைச்சிக்குக் கொல்கிறோமே என்ற குமரவேள் அவர்களின் வாதத்தை நான் திருப்பிப் பார்க்கிறேன்: ஒரு தவறு பெருமளவில் நடக்கிறது என்பது, இன்னொன்றுக்கு அனுமதி ஆகாது. ஆயினும் உயிர் காப்பது என்பது நாவின் சுவையைவிட எவ்வளவோ கனமான காரணம். அதை ஒப்புக்கொண்டுதான் தொடங்குகிறேன்.

சினைப்பன்றி ஈனும் வேளை நெருங்கும்போது வைக்கோலையும் குச்சிகளையும் வாயால் கவ்வி வந்து படுக்கை அமைக்க முயலும். வெறும் சிமெண்ட் தரையில் விட்டாலும், இல்லாத வைக்கோலை முன்னங்காலால் வாரி வாரிச் சேர்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். பிறந்த குட்டிகள் சில நாள்களுக்குள் ஆளுக்கொரு காம்பைத் தமக்கென்று வைத்துக்கொள்ளும். பால் சுரக்கும் தருணத்தில் தாய் ஒரு தனித்த தாளத்தில் உறுமும். அந்த ஒலியைக் கேட்டே குட்டிகள் ஓடி வரும்.

வெற்றிவேல் சொன்ன சைட்டோமெகலோ வைரஸ் தாயிடமிருந்து குட்டிக்குப் பரவுவது. அதைத் தடுக்க நமக்குத் தெரிந்த நம்பகமான வழி, குட்டியைப் பிறந்தவுடனோ, வயிற்றைக் கிழித்து எடுத்த உடனோ தாயிடமிருந்து பிரித்துவிடுவதுதான். பிறகு வடிகட்டிய காற்றும், கிருமி நீக்கிய தீவனமும், குளித்து உடைமாற்றி வரும் பணியாளர்களும் உள்ள மூடிய கட்டடத்தில் அது வளர வேண்டும். முகர்ந்து கிளறுவதற்கு மண் கிடையாது. உறுப்பு மனித உடலுக்குள் அளவுமீறி வளராமல் இருப்பதற்காக, சில பன்றிகளில் வளர்ச்சி இயக்குநீரின் ஏற்பியையும் முடக்கிவிடுகிறார்கள். ஆகவே நாம் நோயாளியின் பாதுகாப்பை ஒரு படி உயர்த்தும்போதெல்லாம் பன்றியின் வாழ்வு ஒரு படி வறண்டுபோகிறது. இவை ஒரே முடிவின் இரண்டு பக்கங்கள். பாதுகாப்பை மட்டும் ஆய்வுக்குழு எடைபோட்டு, மற்றதை வளாகத்தின் உள்விவகாரம் என்று நிறுவனத்திடம் விட்டுவிடுவதை நான் எதிர்க்கிறேன்.

நான் கேட்பது தடை அன்று. தனிமைப்படுத்தலைக் கூட்டமாகச் செய்யலாம். ஒரே நேரத்தில் பிறந்த குட்டிகளைச் சேர்த்தே வளர்க்கலாம். கிருமி நீக்கிய வைக்கோல் கொடுக்கலாம். இவற்றுக்குக் கூடுதல் செலவு ஆகும், அவ்வளவுதான். அனுமதி வழங்கும்போதே இவற்றை நிபந்தனையாக்க வேண்டும்.

---

தேன்மொழி எழுதியது:

பரிதி ஐயா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். எனக்கு ஓர் உறுப்பு கிடைக்குமானால், அது எப்படி வளர்ந்த விலங்கிலிருந்து வந்தது என்பதை அறிந்துகொள்ளவே விரும்புவேன். அறியாமல் இருப்பது நிம்மதி என்று நினைப்பவர்களும் இருப்பார்கள். நான் அப்படி இல்லை. அன்பரசி அம்மா சொன்ன வாழ்நாள் கடமையும் என்னை அச்சுறுத்தவில்லை. டயாலிசிஸில் இருப்பவர் ஏற்கெனவே வாழ்நாள் கண்காணிப்பில்தான் இருக்கிறார்.

ஆனால் ஒன்று. முதல் நோயாளிகளாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் பெரும்பாலும் வேறு வழியே இல்லாதவர்கள். மேரிலாந்து நோயாளி மனித இதயம் பெறத் தகுதியற்றவர் என்று பல மருத்துவமனைகளால் மறுக்கப்பட்டவர். சாவா இதுவா என்ற நிலையில் இருப்பவரிடம் பெறும் ஒப்புதலை முழு மனத்தோடு அளித்த ஒப்புதல் என்று எப்படிச் சொல்வது? எனக்கு டயாலிசிஸ் என்ற வழி, எவ்வளவு கடினமானதாயினும், இருக்கிறது. உறுப்பு தோற்றால் திரும்பி வர இயந்திரம் இருக்கிறது. இதயம் கேட்டு நிற்பவருக்கு அப்படித் திரும்பி வர இடமில்லை. ஆகவே சிறுநீரகத்தில்தான் இந்த ஆய்வு முதலில் முதிர வேண்டும் என்று நினைக்கிறேன்.

---

கார்முகில் எழுதியது:

சிறுநீரகத்தையும் இதயத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற தேன்மொழியின் கருத்து இந்த விவாதத்துக்குக் கிடைத்த முக்கியமான வேறுபாடு. இன்னொன்றையும் சேர்க்கிறேன். மூளைச்சாவு அடைந்தோரிடமிருந்து உறுப்புதானம் பெறுவதில் ஸ்பெயின் பல்லாண்டுகளாக உலகில் முன்னணியில் இருக்கிறது. மருத்துவமனைதோறும் அதற்கென்றே பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்களை அமர்த்தியதே அதற்கு முதன்மைக் காரணமாகச் சொல்லப்படுகிறது. பன்றி உறுப்பு வருகிறது என்ற நம்பிக்கை, இந்த எளிய பணியைத் தள்ளிப்போடுவதற்குச் சாக்காகிவிடக் கூடாது.

இப்போது அன்பரசி குறிப்பிட்ட 50 ஆண்டுகளுக்கு வருகிறேன். இந்தப் பன்றிகளை உருவாக்குபவை தனியார் நிறுவனங்கள். ஒரு நிறுவனம் கைமாறலாம், மூடப்படலாம், ஆய்வைக் கைவிடலாம். அதன்பின் உறைநிலையில் வைக்கப்பட்ட மாதிரிகளுக்கு யார் பொறுப்பு? முப்பதாவது ஆண்டில் ஒரு விசித்திரமான காய்ச்சல் தோன்றினால், அந்தப் பன்றியின் திசுவை எந்தக் கதவைத் தட்டிக் கேட்பது?

---

வெற்றிவேல் எழுதியது:

தொழில்நுட்ப அளவில் விடை எளிது. மாதிரிகளை நிறுவனத்திடம் விடக் கூடாது. பொதுச் சுகாதார அமைப்பு ஒன்றின் சேமிப்பகத்தில், இரண்டு வெவ்வேறு இடங்களில் வைக்க வேண்டும். அதற்கான பணத்தை நிறுவனம் அறுவை சிகிச்சைக்கு முன்பே செலுத்திவிட வேண்டும். ஆய்வு முடிவுகளை, குறிப்பாகத் தோல்விகளை, காலவரையறைக்குள் வெளியிடுவதும் கட்டாயமாக வேண்டும். மேரிலாந்துக் குழுவினர் வைரஸ் தப்பி வந்ததை வெளிப்படையாக எழுதியதால்தான் அடுத்தவர்கள் எதிர்ப்பொருள் பரிசோதனையைச் சேர்க்க முடிந்தது. அந்த வெளிப்படைத்தன்மை அவர்களுடைய நல்லெண்ணத்தால் நமக்குக் கிடைத்தது, சட்டத்தால் கிடைத்ததன்று.

---

அன்பரசி எழுதியது:

கார்முகில் முதலில் கேட்ட கேள்விக்கு என் விடை இது. பிறர் சார்பில் ஆபத்தை ஏற்க நோயாளிக்கு உரிமை இல்லை. அந்த உரிமை மருத்துவருக்கும் நிறுவனத்துக்கும் இல்லை. சமூகத்தின் சார்பில் அதை ஏற்கக்கூடியது, பொதுமக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் அமைப்பு மட்டுமே. நிபந்தனை விதிக்கவும், நிறுத்தச் சொல்லவும் அதற்கு அதிகாரம் வேண்டும். நோயாளியின் குடும்பத்தினரைப் பொறுத்தவரை, ஒரே வீட்டில் வசிப்பவர்களுக்கு முன்கூட்டியே தனியாக விளக்கமளித்து, அவர்களுடைய கேள்விகளுக்கு நோயாளி இல்லாத அறையில் விடை சொல்ல வேண்டும் என்று எங்கள் குழுவில் வலியுறுத்துவேன். நோயாளியின் எதிரில் அச்சத்தைச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

---

தேன்மொழி எழுதியது:

அந்தத் தனி அறை எனக்கும் சரியாகப் படுகிறது. என் கணவரும் மகளும் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாது; நான் இல்லாதபோது அவர்கள் கேட்கட்டும். என் தரப்பில், வாழ்நாள் பரிசோதனைக்கும், இரத்ததானத் தடைக்கும், இறந்தபின் உடற்கூறாய்வுக்கும் இன்றே கையொப்பமிடுவேன். மாதிரிகள் யாருடைய பொறுப்பில் இருக்கும், உறுப்பு தோற்றால் என் டயாலிசிஸ் செலவும் மருந்துச் செலவும் யாருடையவை, மனிதச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புப் பட்டியலில் என் இடம் அப்படியே இருக்குமா என்ற மூன்றும் எழுத்தில் வரும்வரை அறுவை சிகிச்சைக்கான படிவத்தில் கையொப்பமிட மாட்டேன்.